கண்ணுக்கு ஒரு மீட்டர், காதுக்கு ஐந்து சென்டிமீட்டர்: இருவர் நாடகத்துக்கு ஒரு ஒலிப்பெட்டி

ஒரு சிறிய மேசை, இரண்டு நாற்காலி, இரண்டு ஹெட்போன், நடுவில் ஒரு மரப்பெட்டி. முன்பின் தெரியாத இருவர் எதிரெதிரே உட்காருகிறார்கள். நடிகர் கிடையாது, மேடை கிடையாது, பார்வையாளர் என்று தனியாக யாரும் கிடையாது. ஹெட்போனில் வரும் குரல் இருவரிடமும் தனித்தனியாகப் பேசுகிறது. எங்கே பார்க்கலாம், எதைக் கேட்கலாம், எப்போது பேசாமல் இருக்கலாம் என்று சொல்கிறது. சுமார் 35 நிமிடத்தில் முடிந்துவிடும். நாடகத்தை எழுதி இயக்கியவர் என் தோழி. பெட்டியைச் செய்தது நான். அதற்குள் என்ன இருக்கிறது, ஏன் அப்படி இருக்கிறது என்பதை, இதைப் போல ஒன்றைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

இந்த வடிவத்துக்கு முன்னோடிகள் உண்டு. கனடியக் கலைஞர் ஜேனட் கார்டிஃப் 1991இலிருந்தே ஒலி நடைகளைச் செய்துவந்தவர். கேட்பவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நடப்பார். யாரோ கூடவே நடந்து வருவது போலக் குரல் கேட்கும். ரிமினி புரொட்டோகோல் நாடகக் குழு 2005இல் கொல்கத்தாவின் கால் சென்டரில் இருந்தவர்களைக் கைப்பேசி வழியே பெர்லின் தெருக்களில் நடந்தவர்களோடு இணைத்தது. எங்கள் வேலைக்கு மிக நெருக்கமானது, ரொட்டொசாசா நாடகக் குழுவின் ஆன்ட் ஹாம்ப்டனும் சில்வியா மெர்குரியாலியும் 2007இல் செய்த 'எட்டிக்கெட்'. கஃபே மேசையில் இருவர். காதில் கேட்பதைச் சொல்கிறார்கள், செய்கிறார்கள். அவர்களே நடிப்பவர்கள், அவர்களே பார்ப்பவர்கள்.

எங்கள் முதல் ஒத்திகைகள் பதிவுக் குரலை மட்டும் வைத்து நடந்தன. அப்போது தோழி ஒன்றைக் கவனித்தார். காதுக்குள் பேசும் அந்தக் குரலோடு ஆட்கள் மிகச் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறார்கள். எதிரே இருப்பவரோ கொஞ்சம் கொஞ்சமாக மேசை, நாற்காலி மாதிரி ஒரு பொருளாகிவிடுகிறார். மூடிய ஹெட்போனைப் போட்டதும் அறை மங்குகிறது, அதோடு சேர்ந்து எதிராளியின் குரலும் மங்குகிறது. என்றோ எங்கோ பேசிய ஒருவர் பக்கத்தில் வந்துவிடுகிறார். கைக்கெட்டும் தூரத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருப்பவர் தள்ளிப்போய்விடுகிறார். "நம்ம குரல் ரெண்டு பேரையும் சேர்த்து வைக்கணும். நடுவுல போய் உட்காரக் கூடாது" என்றார் தோழி. பெட்டியின் ஒவ்வொரு பாகத்தையும் இந்த வாக்கியத்தை வைத்துத்தான் தேர்ந்தெடுத்தேன்.

ஒரே கடிகாரம்

முதல் கேள்வி, இரண்டு பேருக்கும் வெவ்வேறு ஒலியை ஒரே நேரத்தில் எப்படித் தருவது என்பது. இரண்டு கைப்பேசியில் இரண்டு கோப்பு, இருவரும் ஒன்றாகப் பொத்தானை அழுத்தினால் போதாதா என்று எல்லாரும் கேட்பார்கள். தோராயமான ஒற்றுமை போதுமென்றால் அது போதும். ஆனால் ஒவ்வொரு கருவிக்குள்ளும் கடிகாரமாகத் தனிப் படிகம் துடிக்கிறது. சாதாரணப் படிகத்தின் பிழை பத்து லட்சத்தில் 20 முதல் 50 பங்கு இருக்கலாம். 50 பங்கு என்றே வைத்துக்கொண்டால் 35 நிமிடத்தில் 0.1 நொடி. ஒன்று முந்தி, இன்னொன்று பிந்தினால் 0.2 நொடி. கைவிரல் பொத்தானை அழுத்துவதில் வரும் வித்தியாசம் அதற்கு மேல். கேட்க அற்பமாகத் தெரியும். எங்கள் நாடகத்தில் இருவரும் ஒரே கணத்தில் உள்ளங்கையை மேசைமேல் வைக்கும் இடம் ஒன்று உண்டு. ஒருவர் கால் நொடி முந்தினாலும் அவர் தொடங்கியவர், மற்றவர் பின்பற்றியவர் என்று ஆகிவிடுகிறது. ஒரே கணத்தில் நடந்தால் இருவர் முகத்திலும் ஒரு திடுக்கிடல், உடனே சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காக எவ்வளவு சிரமமும் படலாம்.

ப்ளூடூத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டேன். அதில் ஒலி பொதுவாக 100 முதல் 300 மில்லிசெகண்ட் தாமதித்து வரும். எவ்வளவு தாமதம் என்பது கருவிக்குக் கருவி மாறும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று மைக் விஷயத்தில் வரும்.

மிக எளிய தீர்வு ஒரே ஸ்டீரியோ கோப்பு. இடது சேனலில் ஒருவருக்கான ஒலி, வலது சேனலில் மற்றவருக்கானது. ஜாக்கின் நுனியிலிருந்து வரும் ஒயரை முதல் ஹெட்போனின் இரண்டு காதுக்கும், நடு வளையத்திலிருந்து வருவதை இரண்டாவது ஹெட்போனின் இரண்டு காதுக்கும் கொடுத்துவிட வேண்டும். அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுக் கிரவுண்ட். இரண்டும் ஒரே கோப்பு, ஒரே கடிகாரம் என்பதால் எத்தனை மணி நேரம் ஓடினாலும் பிரியாது. 32 ஓம் ஹெட்போன் என்றால் ஒவ்வொரு சேனலிலும் இரண்டு காது இணையாகச் சேர்ந்து 16 ஓம் சுமையாகும். சில கைப்பேசிகளில் சத்தம் குறையும், ஒரு சிறிய ஆம்ப் வைத்தால் தீரும். இந்த வகை நாடகத்தைச் செய்து பார்க்க ஆசைப்படும் யாரும் இதிலிருந்து தொடங்கலாம் என்பேன். பிளேயர் ஒன்று, சாலிடர் செய்த ஒயர் ஒன்று, நல்ல எழுத்து கொஞ்சம். அவ்வளவுதான் வேண்டும்.

குறை என்னவென்றால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது மோனோ, அதாவது இரண்டு காதுக்கும் ஒரே ஒலி. ஒலி தலைக்குள் நடுவிலேயே நிற்கும். தோளுக்குப் பின்னால் யாரோ நிற்பது போன்ற உணர்வு வராது. (ஹெட்போனில் இரண்டு காதுக்கும் இரண்டு ஒலி என்பதே நாடக அரங்கிலிருந்து பிறந்ததுதான். 1881இல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் கிளெமான் அடேர் ஓபரா மேடையில் வரிசையாகப் பேசுகருவிகளை வைத்து, தொலைபேசிக் கம்பி வழியே கேட்பவரின் இரு காதுக்கும் தனித்தனியே அனுப்பினார்.) அதனால் நான் ராஸ்பெர்ரி பை என்ற சிறிய கணினியோடு 7.1 வகை யு.எஸ்.பி. சவுண்ட் கார்டைச் சேர்த்தேன். அதில் நான்கு ஸ்டீரியோ ஜாக் உண்டு. முன் ஜாக் ஒருவருக்கு, பின் ஜாக் மற்றவருக்கு. எல்லாச் சேனலும் ஒரே கடிகாரத்தில் ஓடுகின்றன. ஹோம் தியேட்டருக்காகச் செய்த பொருள் இரண்டு மனிதருக்கு நடுவே இப்படிப் பயன்படுவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

மைக் லைன்

பெட்டியின் உயிர் இதுதான். ஒவ்வொருவர் ஹெட்போனிலும் ஒரு சிறிய எலக்ட்ரெட் மைக், வாயின் ஓரத்திலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தள்ளி. ஒருவர் மைக்கில் பேசுவது மற்றவரின் காதுக்குப் போகிறது. மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருப்பவரின் வாய் ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அவர் குரலோ 5 சென்டிமீட்டரிலிருந்து கேட்கிறது. தூரம் இருபதில் ஒரு பங்காகும்போது நேரடி ஒலி 26 டெசிபல் ஏறுகிறது. அறையின் எதிரொலி அப்படியே பின்னுக்குப் போகிறது. சத்தம் கூடியது போலத் தோன்றாது, ஆள் அருகில் வந்தது போலத் தோன்றும். எச்சில் விழுங்குவது, பேசத் தொடங்குமுன் உதடு பிரிவது, சொல்லலாமா என்று இழுக்கும் மூச்சு எல்லாம் கேட்கும். மிக நெருங்கியவர்களிடம் மட்டும் கேட்கும் ஒலிகள் இவை. மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் 1966இல் மனிதர்களுக்கு இடையிலான இடைவெளிகளை வகுத்தபோது 18 அங்குலத்துக்குள் இருப்பதை நெருக்க எல்லை என்றார். கண்ணும் உடலும் மரியாதையான தூரத்தில் இருக்கும்போதே காது மட்டும் அந்த எல்லைக்குள் நுழைகிறது. யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை, நாற்காலியை நகர்த்த வேண்டியதில்லை.

இந்த லைன் முழுக்க அனலாக். டிஜிட்டலாக்கி, கணினிக்குள் கலந்து, திரும்ப வெளியே எடுத்தால் சில மில்லிசெகண்ட் முதல் பல பத்து மில்லிசெகண்ட் வரை தாமதம் வரும். எதிராளியின் குரல் தாமதிப்பதைக்கூடப் பொறுக்கலாம். தன் குரலே தாமதித்துத் தன் காதுக்கு வருவதைப் பொறுக்க முடியாது. பெர்னார்ட் லீ 1950இல் காட்டியது இது: தன் பேச்சு ஏறத்தாழ 0.2 நொடி பிந்திக் காதில் விழுந்தால் சரளமாகப் பேசுபவருக்கும் நாக்கு குழறும். ப்ளூடூத் தாமதம் சரியாக அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது.

தன் குரல் தன் காதுக்கு ஏன் வர வேண்டும்? காதை மூடினால் நம் குரலின் கீழ் அலைவரிசைகள் எலும்பு வழியே தலைக்குள் குடம் போல முழங்கும், மேல் அலைவரிசைகள் காணாமல் போகும். தன் குரல் சரியாகக் கேட்காதவர் தன்னையறியாமல் சத்தமாகப் பேசுவார். முன்பின் தெரியாத ஒருவரிடம் அந்தரங்கமான ஒன்றை உரக்கச் சொல்ல யாருக்கும் வராது. தொலைபேசிக்காரர்களுக்கு இது பழைய பாடம். பேசுபவரின் குரலில் ஒரு பகுதியை அவர் காதுக்கே திருப்பிவிடுவார்கள். அதற்கு சைட்டோன் என்று பெயர். சைட்டோனைக் கூட்டினால் ஆள் குரலைத் தாழ்த்துவார். அதாவது என் கையில் இருந்தது ஒரு ரகசியத் திருகு: யாரிடமும் 'மெதுவாகப் பேசுங்கள்' என்று சொல்லாமலே இருவரையும் கிசுகிசுப்புக்குக் கொண்டுவரலாம். நாடகத்தின் முதல் பாதியில் சைட்டோன் குறைவு. பிற்பாதியில் மெல்ல ஏறுகிறது. ஆட்கள் மெல்ல முன்னால் சாய்கிறார்கள், குரல் தாழ்கிறது. அப்படிச் செய்யச் சொல்லி எழுத்தில் ஒரு வரிகூடக் கிடையாது.

சர்க்கியூட் எளியது. மேக்ஸ் 4466 மைக் போர்டு இரண்டு. அதன் கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) 25 முதல் 125 மடங்கு வரை திருகி வைக்கலாம். வாய் இவ்வளவு அருகில் இருப்பதால் குறைந்த பக்கமே போதும், இரைச்சலும் குறையும். தானாகக் கெயினை மாற்றிக்கொள்ளும் மேக்ஸ் 9814 போர்டையும் பொருத்திப் பார்த்தேன். பேசி நிறுத்தியதும் அது கெயினை ஏற்றுகிறது. மூச்சும் அறையும் அலை போல எழும்பி வருகின்றன. முதல் நிமிடத்தில் அழகாக இருக்கும், பத்தாவது நிமிடத்தில் தலை வலிக்கும். மௌனம் நிஜமான மௌனமாகக் கேட்க வேண்டும் என்பதால் நிலையான கெயினே சரி.

மைக் போர்டிலிருந்து 0.22 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் வழியே டி.எல். 072 என்ற ஆப்-ஆம்ப் (பெருக்கி) சில்லுக்கு. உள்ளீட்டு ரெசிஸ்டர் 10 கிலோ ஓம் என்பதால் சுமார் 72 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரிகிறது. மேசையை முழங்கை இடிப்பது, நாற்காலி உரசுவது எல்லாம் கொஞ்சம் அடங்கும். அங்கிருந்து கலக்கும் கட்டத்துக்கு: எதிராளியின் காதுகளுக்கு 10 கிலோ ஓம் வழியாக முழு அளவில், தன் காதுகளுக்கு 39 கிலோ ஓம் வழியாக. கலக்கும் ஆப்-ஆம்ப்பின் பின்னூட்ட ரெசிஸ்டரும் 10 கிலோ ஓம். ஆக சைட்டோன் ஏறத்தாழ 12 டெசிபல் கீழே நிற்கிறது. பதிவுக் குரல் இன்னொரு 10 கிலோ ஓம் வழியே அதே கட்டத்தில் வந்து சேர்கிறது. பிற்பாதியில் ராஸ்பெர்ரி பையிலிருந்து வரும் சைகை ஒரு எல்.டி.ஆர். ஆப்டோ கப்ளரின் (வெளிச்சம் கூடினால் எதிர்ப்பு குறையும் பாகம்) எல்.இ.டி.யை மெல்லப் பிரகாசமாக்குகிறது; 39 கிலோ ஓமுக்கு இணையாக இருக்கும் அதன் எதிர்ப்பு குறைந்து சைட்டோன் ஏறுகிறது. பொட்டென்ஷியோமீட்டரைத் திருகும் கரகரப்பு இல்லை, படிப்படியாகத் தாவுவதும் இல்லை.

துருவம் பற்றி, அதாவது ஒலி அலை நேராக வருகிறதா தலைகீழாக வருகிறதா என்பது பற்றி, தனியாகச் சொல்ல வேண்டும். சைட்டோன் ஒலி காதை அடையும்போது அதே குரல் எலும்பு வழியாகவும் அங்கே வந்திருக்கும். இரண்டும் ஒரே துருவத்தில் இருந்தால் குரல் நிறைந்து கேட்கும். எதிர்த் துருவத்தில் இருந்தால் கீழ் அலைவரிசைகள் ஒன்றையொன்று தின்று, தன் குரல் மெலிந்து, வேறு யாருடையதோ போலக் கேட்கும். வெளியிலிருந்து கேட்கும் யாருக்கும் இந்த வித்தியாசம் தெரியாது, பேசுபவருக்கு மட்டுமே தெரியும். அதனால் சோதிப்பவர் தானே பேசிப் பார்க்க வேண்டும். மைக் கேப்சூலிலிருந்து காது வரை அலை எத்தனை தடவை தலைகீழாகிறது என்று தாளில் எண்ணிக்கொண்டிருப்பதைவிட, ஒரு ஜம்பரை வைத்து இரண்டு நிலையிலும் 'ம்ம்ம்' என்று முனகிப் பார்ப்பது நம்பகம். எந்த நிலையில் அந்த முனகல் நெஞ்சுக்குள் இறங்குகிறதோ அதில் ஜம்பரைச் சாலிடர் செய்துவிடலாம். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்கும் ஒருவரால் மனம் விட்டுப் பேச முடியாது.

இதில் எனக்கு இன்னும் வியப்பாக இருப்பது கண்ணின் வேலை. எதிராளியின் குரல் இரண்டு காதுக்கும் ஒரே மாதிரி வருகிறது. கணக்குப்படி அது தலைக்குள் நடுவில் கேட்க வேண்டும். ஆனால் உதடு அசைவதைக் கண் பார்த்துக்கொண்டிருக்கும் வரை மூளை அந்தக் குரலைக் கொண்டுபோய் அந்த உதட்டில் வைத்துவிடுகிறது. பொம்மலாட்டக்காரரின் குரல் பொம்மையின் வாயிலிருந்து வருவதாகத் தோன்றுவது இதனால்தான். இப்போது ஒருவரைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த குரல் ஒரு கணத்தில் தன் தலைக்குள் வந்துவிடும். தோழி இதைக் கேட்டதும் எழுத்தையே மாற்றினார். மூன்றாம் பகுதியில் ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள, மற்றவர் தான் சின்ன வயதில் தூங்கிய அறையை விவரிக்கிறார். பிறகு இருவரும் மாறிக்கொள்கிறார்கள். நாடகம் முடிந்து வெளியே வந்தவர்கள் எங்களிடம் அதிகம் பேசியது இந்தப் பகுதியைப் பற்றித்தான்.

இரைச்சல்

ராஸ்பெர்ரி பைக்கும் அனலாக் போர்டுக்கும் ஒரே 5 வோல்ட் கொடுத்தால் ஈ பறப்பது போன்ற ரீங்காரம் வரும். கிசுகிசுப்பைக் கேட்கச் செய்த பெட்டியில் அதற்கு இடமில்லை. ராஸ்பெர்ரி பைக்குத் தனிப் பவர் பேங்க். ஆப்-ஆம்ப்புகளுக்கு இரண்டு 9 வோல்ட் பேட்டரி. மைக் போர்டுகளுக்கு அதிலிருந்தே 3.3 வோல்ட் ரெகுலேட்டர். சவுண்ட் கார்டுக்கும் கலக்கும் போர்டுக்கும் இடையில் 600 ஓம் ஒன்றுக்கு ஒன்று டிரான்ஸ்ஃபார்மர்கள், இரண்டு கிரவுண்டும் சேராமல் இருக்க. காதில் ஒயர் மாட்டிய மனிதர்கள் உட்காரும் பெட்டி என்பதால் மின்சார இணைப்பே கிடையாது, எல்லாம் பேட்டரி.

ஹெட்போனை ஓட்ட டி.டி.ஏ. 1308 போர்டுகள். எங்கும் கிடைக்கும் பி.ஏ.எம். 8403 போர்டை இதற்கு எடுத்துவிடாதீர்கள். அது ஸ்பீக்கருக்கானது, அதன் இரண்டு மைனஸ் முனைகளும் கிரவுண்ட் கிடையாது. பொது கிரவுண்ட் உள்ள ஹெட்போனைச் செருகினால் இரண்டு வெளியீடும் ஷார்ட் ஆகும்.

பதிவுக் குரல்

தோழியே பேசினார். துணிகள் தொங்கும் அலமாரிக்கு முன்னால், முன்பக்க ஒலியை அதிகம் வாங்கும் கார்டியாய்ட் மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில். இந்த வகை மைக்கில் வாய் நெருங்க நெருங்க கீழ் அலைவரிசை ஏறும். வானொலிக் குரல்கள் கம்பீரமாகக் கேட்பதில் இதற்கும் பங்கு உண்டு. எங்களுக்குக் கம்பீரம் வேண்டாம் என்பதால் அதைப் பிறகு குறைத்தோம். கிசுகிசுப்பையும் தவிர்த்தோம். கிசுகிசுக்கும்போது குரல்நாண்கள் அதிர்வதில்லை, வெறும் காற்றின் இரைச்சல்தான். அதில் ஒலித்தன்மை இருக்காது. சில நொடி கேட்கலாம், நிமிடக்கணக்கில் கேட்டால் காது எரிச்சலடையும். தாழ்ந்த சாதாரணக் குரலே போதும். கிசுகிசுப்பு மேசையில் இருப்பவர்களுக்கு உரியது.

குரல் கடைசி வரை 'நீங்கள்' என்றுதான் பேசும், 'செய்யலாம்' என்றுதான் சொல்லும். 'செய்யுங்கள்' என்பது ஓரிரு இடங்களில் மட்டும்.

சுற்றுப்புற ஒலிகளை, இரண்டு சிறிய எலக்ட்ரெட் கேப்சூல்களை என் காதுமடலில் பொருத்திக்கொண்டு பதிவு செய்தேன். காதுக்கும் காதுக்கும் இடையில் ஒலி கடக்க எடுக்கும் நேரம், அதிகபட்சம் 0.7 மில்லிசெகண்டுக்குள், அப்படியே பதிவாகும். ஆனால் முன்னால், பின்னால் என்ற வித்தியாசத்தைக் காதுமடலின் மடிப்புகள்தான் சொல்கின்றன. என் மடிப்பு வேறு, கேட்பவரின் மடிப்பு வேறு. முன்னால் வைத்த ஒலி பலருக்குப் பின்னால் கேட்கும். அதனால் முன்பக்கம் எந்த ஒலியையும் வைக்கவில்லை. முன்னால் ஏற்கெனவே ஒரு மனிதர் இருக்கிறார். பதிவு ஒலிகளெல்லாம் பக்கத்திலும் பின்னாலும் மட்டும்: கதவு திறப்பது, நடந்து போவது, மழை. இருவரும் சற்றுத் திரும்பிப் பார்ப்பார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்ப்பார்கள்.

காத்திருத்தல்

குரல் தனித்தனியாகப் பேசுவதால் ஒருவருக்கு என்ன சொல்லப்பட்டது என்று மற்றவருக்குத் தெரியாது. ஆனால் ஏதோ சொல்லப்பட்டது என்று தெரியும். இந்தப் பாதி அறிவுதான் பாரத்தைக் குறைக்கிறது. 'இவர் என்னை உற்றுப் பார்க்கிறார்' என்பது 'இவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்' ஆகிவிடுகிறது. பார்ப்பவருக்கும் கூச்சமில்லை, பார்க்கப்படுபவருக்கும் அச்சமில்லை. உளவியலாளர் ஆர்தர் ஆரோனும் அவர் குழுவினரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில் 36 கேள்விகள், மூன்று தொகுப்புகள், 45 நிமிடம். கேள்விகள் மெல்ல மெல்ல அந்தரங்கமாகும், இருவரும் மாறி மாறிப் பதில் சொல்வார்கள். கேட்கும் துணிச்சலை அங்கே தாள் ஏற்றுக்கொண்டது, இங்கே குரல் ஏற்றுக்கொள்கிறது. எங்கள் எழுத்திலும் ஒருவர் திறந்த அளவுக்கு மற்றவரும் திறக்க இடம் தர வேண்டும் என்பது மாறாத விதி.

பிரச்சினை நேரம். ஓடிக்கொண்டே இருக்கும் ஒரே கோப்பு யாருக்காகவும் நிற்காது. ஒருவர் அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது 'இப்போது ஜன்னலைப் பாருங்கள்' என்று குரல் குறுக்கிட்டால் எல்லாம் போயிற்று. அதனால் ஒலியைத் துண்டுகளாக வெட்டி, பேச்சு முடிந்த பிறகே அடுத்த துண்டைத் தொடங்கும்படி செய்தேன். ஒவ்வொரு மைக் லைனிலிருந்தும் ஒரு கிளை: டையோடு, கெபாசிட்டர், அதன்பின் எல்.எம். 393 கம்பேரேட்டர். பேச்சு இருக்கிறதா இல்லையா என்ற ஒரே செய்தி ராஸ்பெர்ரி பைக்குப் போகிறது. என்ன பேசினார்கள் என்பது பைக்குத் தெரியாது, எங்கும் பதிவாவதும் இல்லை. இதை நாங்கள் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். அனலாக் லைனைத் தேர்ந்தெடுத்ததால் கிடைத்த பெரிய நன்மை இது: பேசியது காற்றில் போய்விடுகிறது என்று மனதார உறுதி தர முடிகிறது.

எத்தனை நொடி மௌனத்துக்குப் பிறகு பேச்சு முடிந்ததாகக் கொள்வது? சாதாரண உரையாடலில் ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடைவெளி சராசரியாக 0.2 நொடிதான்; வெவ்வேறு வகையான பத்து மொழிகளில் 2009இல் செய்த ஆய்வு சொல்வது இது. அதை வைத்துப் பார்த்தால் 3 நொடி தாராளம். மேசையில் அப்படி இல்லை. 'யாரிடம் மன்னிப்புக் கேட்க விரும்புகிறீர்கள்' என்ற கேள்விக்கு 3 நொடியில் யாரும் முடிப்பதில்லை. ஒரு வரி சொல்லி, நிறுத்தி, மூச்சிழுத்து, பிறகுதான் உண்மையான பதில் வரும். 7 நொடிக்கு நீட்டிய பிறகு அந்த இரண்டாவது பதில்கள் வரத் தொடங்கின. கடைசிப் பகுதியில் 12 நொடி. அந்தப் பன்னிரண்டு நொடியும் இருவர் காதிலும் மற்றவரின் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

முடிவை நெருங்கும்போது பதிவுக் குரலின் துண்டுகள் சிறுத்துக்கொண்டே போகின்றன. கடைசியில் அது விடைபெற்றுக்கொள்ளும். மைக் லைன் மட்டும் திறந்தே இருக்கும். அதன்பிறகும் பலர் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஹெட்போனைக் கழற்றினால் தூரம் திரும்பிவிடும் என்று தெரிவதாலோ என்னவோ, கழற்ற மனமில்லாமல் பேசுகிறார்கள். அடுத்த ஜோடியைக் காக்க வைத்தாவது அந்த நேரத்தை நாங்கள் தருகிறோம்.

விலகும் வழி

நெருக்கத்தைத் திணிக்கக் கூடாது. எழுந்து போவது உட்காருவதைப் போலவே எளிதாக இருக்க வேண்டும். பெட்டியின் இருபுறமும் ஹெட்போனை மாட்ட ஒரு கொக்கி; கொக்கிக்குள் மைக்ரோ ஸ்விட்ச், பழைய தொலைபேசியின் கொக்கி போல. இரண்டு ஹெட்போனும் எடுக்கப்பட்டால் நாடகம் தொடங்கும். எப்போது ஒன்றை மாட்டினாலும் அந்த மைக் அந்தக் கணமே ஒயர் மட்டத்தில் துண்டிக்கப்படும், மென்பொருளின் தயவு தேவையில்லை. மற்றவரின் காதில் தோழியின் குரல் வரும்: "அவர் இங்கே நிறுத்திக்கொள்ள விரும்பினார். அது சரிதான். நீங்களும் இங்கே முடிக்கலாம், அல்லது கொஞ்ச நேரம் என்னோடு இருக்கலாம்." தனியே விடப்பட்டவருக்கு இந்த வரி இல்லாமல் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு இருப்பது கொடுமை. அவருக்கென்று தனியாக ஐந்து நிமிடப் பகுதி ஒன்றையும் தோழி எழுதியிருக்கிறார். அதைக் கேட்டவர்கள் குறைவு, ஆனால் மிகுந்த அக்கறையோடு எழுதப்பட்ட பகுதி அதுதான்.

இந்த ஸ்விட்சுக்கு இன்னொரு பயன்: கழற்றிய ஹெட்போன் மைக்குக்குப் பக்கத்தில் கிடந்தால் ஊளையிடும், மைக் அறுந்துவிடுவதால் அந்தத் தொல்லையும் இல்லை. ஊளையோ மைக்கைத் தட்டும் சத்தமோ காதைத் தாக்காமலிருக்க, கலக்கும் கட்டத்துக்குப் பிறகு எதிரெதிராக இரண்டு 1என் 4148 டையோடுகள், அதன்பின் அளவைக் குறைக்கும் ரெசிஸ்டர், பிறகுதான் ஆம்ப். சாதாரணமாகக் கேட்கும் அளவு அமைதியான உரையாடல் அளவுதான், சுமார் 60 டெசிபல். இயர்கப்புகளுக்குத் துடைக்கக்கூடிய தோல் மேலுறை. மைக் பஞ்சு ஒவ்வொருவருக்கும் புதிது.

காது கேட்கும் கருவி அணிபவர்களுக்கு இயர்கப் அழுத்தினால் கருவி கீச்சிடலாம். அவர்களுக்காகக் கழுத்தில் போடும் இண்டக்‌ஷன் லூப் ஒன்றை அதே ஜாக்கில் செருகுகிறோம். கருவியை டி நிலைக்கு (லூப்பைக் கேட்கும் நிலை) மாற்றினால் எல்லா ஒலியும் நேரே கருவிக்குள் போகும். லூப்புக்கு ஹெட்போனைவிடக் கூடுதல் மின்னோட்டம் தேவைப்படுவதால் அந்தப் பக்கம் மட்டும் ஆம்ப்பின் பின்னால் இன்னொரு சிறிய ஆம்ப். அவர்கள் காதுமூடி இல்லாமல் உட்காருவதால் தங்கள் குரலை இயல்பாகவே கேட்பார்கள். அவர்களுடைய சைட்டோனை அணைக்க ஒரு தனி ஸ்விட்ச் வைத்திருக்கிறேன்.

இப்போது மூன்று பேருக்கான போர்டை வரைந்துகொண்டிருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் மற்ற இருவர் குரலும் முழு அளவில், தன் குரல் 12 டெசிபல் கீழே. இருவரில் இல்லாத சிக்கல் ஒன்று மூவரில் வருகிறது: மோனோவில் இரண்டு குரலும் ஒரே புள்ளியில் மோதிக்கொள்ளும். இடதுபக்கம் இருப்பவரின் குரலை இடக்காதுக்குச் சற்றுக் கூடுதலாகவும் வலதுபக்கம் இருப்பவரின் குரலை வலக்காதுக்குக் கூடுதலாகவும் ரெசிஸ்டரிலேயே பிரித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன்: பக்கத்துக் காதுக்கு 10 கிலோ ஓம், எதிர்க் காதுக்கு 15. ப்ரெட்போர்டில் (சாலிடர் இல்லாத சோதனைப் பலகை) தெளிவாகவே பிரிகிறது. மூவரில் இருவர் மட்டும் கேட்கும்படி லைனை மூடும் ஸ்விட்ச் வேண்டுமா என்று தோழி யோசித்துக்கொண்டிருக்கிறார். வெளியே விடப்படுபவருக்கு அந்த நேரத்தில் என்ன கேட்க வேண்டும் என்று முடிவான பிறகுதான் அதற்கான துளையைப் பெட்டியில் போடப் போகிறேன்.